மழைக்குப் பிரேக் கிடையாது

எங்கள் பண்ணையில் ‘பிரேக்’ என்றால் டீ குடிக்கப் போவது இல்லை. தினக்கூலி ஆளை எண்பத்தொன்பது நாள் வேலைக்கு வைத்துக்கொள்வது. தொண்ணூறாவது நாள் அவன் வேலையிலேயே இல்லை என்று எழுதுவது. மறுநாள் முன்பின் பார்க்காத ஆளைச் சேர்ப்பதுபோல அதே ஆளைத் திரும்பச் சேர்ப்பது. நடுவில் போகிற அந்த ஒரு நாளுக்குப் பெயர்தான் பிரேக். எதற்கு இந்தக் கூத்து? விடாமல் வேலை பார்த்தான் என்று ஆகிவிட்டால் நிரந்தரம் செய்யச் சொல்லிக் கேட்பான். கேட்கக் கூடாது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு நாளைக் கத்தரித்துப் போடவேண்டும். அந்தக் கத்தரிக்கோல் முப்பது வருஷத்துக்கு மேல் என் கையில் இருந்தது.

நான் அய்யாத்துரை. அந்தப் பண்ணையில் எழுத்தராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, அரசாங்கத்து விதைப் பண்ணை என்று சொன்னால் போதும். பேரைச் சொல்லி இனி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. கம்பு, சோளம், உளுந்து, பருத்தி. மானம் பார்த்த பூமி. கிணறு ஒன்று உண்டு, அதில் தண்ணீர் இருந்ததை நான் பார்த்த நாட்கள் குறைவு.

சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. சோலைச்சாமியைப் பற்றி.

அவன் வேலைக்கு வந்தது தொண்ணூற்று நாலு செப்டம்பர். இருபத்தெட்டு வயது. ஒன்றரை மைல் தள்ளி அவன் ஊர். களை எடுக்க, மருந்து அடிக்க, மூட்டை தூக்க என்று வந்த ஆளிடம், அப்போதிருந்த மேலாளர் மழைமானியையும் சேர்த்துக் கொடுத்தார். பண்ணை முகப்பில் கம்பிவேலி போட்ட சின்னச் சதுரத்துக்குள் அது இருக்கும். மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை சரியாக எட்டரை மணிக்குப் புனலைக் கழற்றி, பாட்டிலில் விழுந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். மழை பெய்தாலும் எழுத வேண்டும், பெய்யாவிட்டாலும் எழுத வேண்டும். பெய்யாத நாளுக்குச் சைபர்.

எங்கள் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சைபர்தான். வைகாசி, ஆனி மாதங்களில் புழுதிக்காற்று கண்ணைத் திறக்க விடாது. அந்தக் காற்றிலும் அவன் எட்டரைக்குப் போய்ப் புனலைத் தூக்கிப் பாட்டிலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பான். உள்ளே இரண்டு எறும்பு கிடக்கும். தட்டிவிட்டு வந்து ‘0.0’ என்று எழுதுவான். எனக்கு எரிச்சலாக வரும்.

“ஏலே, வானம் வெள்ளை வேட்டி மாதிரி கெடக்கு. அதுக்குள்ள என்னடே இருக்கப்போவுது? உக்காந்த எடத்துல இருந்தே சைபர் போட்டுட்டுப் போயேன்” என்பேன்.

“பாத்து எழுதுத சைபர் வேற, பாக்காம எழுதுத சைபர் வேற அண்ணாச்சி” என்பான்.

கிறுக்குப்பயல் என்றுதான் நினைத்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவனுக்கு இவ்வளவு நியாயம் எதற்கு என்று நினைத்தேன். ஆனால் சுற்றுப்பட்டுச் சம்சாரிகளுக்கு அவன் சொன்னால்தான் மழை. இடைசெவலிலிருந்து கூட சைக்கிளில் வந்து, “சோலை, நேத்து எத்தனை உழவு மழைடே?” என்று கேட்பார்கள். அவன் மில்லிமீட்டரும் சொல்லுவான், மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்கிற உழவுக் கணக்கும் சொல்லுவான். உளுந்து விதைக்கலாமா, இன்னொரு மழைக்குப் பொறுக்கலாமா என்று அதை வைத்து முடிவெடுப்பார்கள்.

சேர்ந்து எண்பத்தொன்பது நாள் ஆனதும் அவனுக்கு முதல் பிரேக் வந்தது. “நாளைக்கி நீ வரக்கூடாது. வேலிக்குள்ள கால் வைக்கக் கூடாது” என்றேன்.

“அப்பம் மழைமானிய யாரு பாப்பா?” என்று கேட்டான்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஆளுக்குத்தான்யா பிரேக். மழைக்குப் பிரேக் கிடையாது. அவனையே வந்து பார்த்து எழுதிட்டுப் போகச் சொல்லு. கையெழுத்து மட்டும் நீ போட்டுரு” என்றார்.

அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம். பிரேக் நாளில் சோலைச்சாமி பின்பக்கக் கேட் வழியாக எட்டரைக்கு வருவான். அளப்பான், எழுதுவான், ஆட்கள் வருகைக்குக் கூடுமுன் போய்விடுவான். சுருக்கொப்பக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவான். பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கி நான் அதில் ‘அ.து.’ என்று போடுவேன். எட்டரை மணிக்கு நான் கோவில்பட்டியில் என் வீட்டில் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருப்பேன். மழைமானியின் புனல் எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்றுகூட எனக்குத் தெரியாது. கூலியும் இல்லாமல், பேரும் இல்லாமல் அவன் பார்த்த அந்த நாட்கள் முப்பது வருஷத்தில் நூற்று இருபத்தொன்று.

பண்ணை ஆட்கள் அந்த வார்த்தையை, வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். “இன்னிக்கி எனக்குப் பிரேக்கு” என்பார்கள். சோலைச்சாமியின் மனைவி வேலுத்தாய், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, “கவர்மெண்ட் வேலைதான், நடுவுல நடுவுல பிரேக் விடுவாவ” என்றாளாம். அதை அவனே என்னிடம் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் ஒருதடவை பிரேக் விழுந்தது. இரண்டாயிரத்து மூன்றில் தம்பியோடு நிலத்தகராறு. கோபித்துக்கொண்டு, லீவு எழுதிக் கொடுக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் போய் நாற்பத்தேழு நாள் கிடந்தேன். இரண்டு தடவை தணிக்கைக்கு ஆள் வந்தபோது, “அண்ணாச்சி கருவூலத்துக்குப் போயிருக்காவ” என்று சொல்லிச் சமாளித்தவன் சோலைச்சாமி. கடைசியில் மாட்டிக்கொண்டேன். என்ன ஆயிற்று தெரியுமா? மேலேயிருந்து ஒரு தாள் வந்தது. என் பணிப்பதிவேட்டில் ஒரே வரி: ‘பணித் தொடர்ச்சியில் ஏற்பட்ட முறிவு மன்னிக்கப்பட்டது.’ நாற்பத்தேழு நாள் வேலைக்கு வராதவனுக்கு மன்னிப்பு. வந்து வேலை பார்த்தவனுக்கு நூற்று இருபத்தொரு முறிவு. ஒரே வார்த்தைதான். எவன் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்து அது பூவாகவும் விழும், கல்லாகவும் விழும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பண்ணைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒருநாள்கூட இடைவெளி இல்லாமல் மழைப் பதிவு வைத்திருக்கிறீர்கள், இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு பதிவேடு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். மேலாளருக்குப் பொன்னாடை, எனக்குப் பொன்னாடை. சோலைச்சாமி நாற்காலி எடுத்துப் போட்டான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஓர் உத்தரவு வந்தது. பத்து வருஷம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்த தினக்கூலிகளை நிரந்தரம் செய்யப் பரிசீலிக்கலாம். சோலைச்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுக்கு இரண்டு வருஷமாவது நிரந்தர ஆளாக இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆசைப்பட்டான். பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

மனு எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். பிரேக் என்று எழுதிய நாட்களிலும் நான் வந்து வேலை பார்த்திருக்கிறேன், மழைப் பதிவேட்டில் அந்த நாட்களின் எண்கள் என் கையால் எழுதியவை, பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான். கொடுப்பதற்கு முன்னால் தயங்கி நின்றான்.

“அண்ணாச்சி, இதக் குடுத்தா ஒங்களுக்கு ஒண்ணும் வந்துராதே? கையெழுத்து ஒங்களுதுல்லா இருக்கு” என்றான்.

“குடுடே. நான் இருக்கேன்லா. எவன் கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லுதேன்” என்றேன். அப்போது அதை நெஞ்சாரத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்புறம் கயத்தாறிலிருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம் பேசினேன். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வராத நாளுக்கு வந்ததா நூத்தி இருபத்தோரு கையெழுத்து. அத நீயே ஒத்துக்கிட்டா சார்ஜ் மெமோ குடுப்பான். ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம் இருக்கு. பென்ஷன நிறுத்தி வச்சிருவான், கோர்ட்டுக்கு நடந்தே செத்துப்போவே” என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் விசாரணை. மேலிடத்திலிருந்து ஜெயப்பிரியா என்ற அதிகாரி வந்தார். சின்ன வயதுதான். மேலாளர் அறையில் மேஜைமேல் முப்பது வருஷத்து மழைப் பதிவேடுகளையும் அடுக்கச் சொன்னார். ஒருபக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். சோலைச்சாமி துவைத்த சட்டையோடு கதவோரம் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அய்யாத்துரை சார், பிரேக் நாள்ல மழைமானியைப் பார்த்தது யார்?”

வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து, “நான்தான்மா” என்று வந்தது.

சோலைச்சாமி நின்ற பக்கம் நான் திரும்பவே இல்லை.

“எண்கள் எல்லாம் அவர் கையெழுத்து மாதிரி இருக்கே?”

“நான் பார்த்து ஒரு துண்டுத்தாள்ல குறிச்சு வச்சிருப்பேன். மறுநாள் அவன் வந்து ஏத்துவான்மா.”

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். இரண்டாயிரத்து இருபத்து மூன்று, டிசம்பர் பதினெட்டு. அந்தப் பெருமழை. கண்மாய்கள் உடைந்து, ரோடு எது, ஓடை எது என்று தெரியாமல் கிடந்த நாள். அன்றைக்குத்தான் அவனுக்குப் பிரேக். என் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர்; நான் மாடியை விட்டு இறங்கவில்லை. சோலைச்சாமி இடுப்பளவு தண்ணீரில் நடந்து பண்ணைக்கு வந்திருக்கிறான். பாட்டில் நிரம்பி வழிந்துவிடக் கூடாதென்று மூன்று தடவை அளந்து கொட்டி, மூன்று எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் போட்டிருந்தான். பக்கத்துக் கட்டத்தில், நாலு நாள் கழித்து வந்த நான் ‘அ.து.’ போட்டிருந்தேன்.

“அன்னிக்கு பஸ்ஸே ஓடலையே சார். கோவில்பட்டியிலிருந்து எப்படி வந்தீங்க?”

பொய் சொல்ல ஆரம்பித்தவனுக்கு அடுத்த பொய் தேட வேண்டியதில்லை, தானாகவே வரும். “முந்தின நாள் சாயங்காலமே வந்து பண்ணையிலயே தங்கிட்டேன்மா” என்றேன்.

அவர் சோலைச்சாமியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. சார் அன்னிக்கு இங்க இருந்தாரா?”

அப்போது நான் திரும்பிப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆனி மாதத்துப் பாட்டிலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். ஏதாவது இருக்கிறதா, ஒரு சொட்டாவது இருக்கிறதா என்று. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அதான் எழுதியிருக்கே தாயி” என்றான்.

“எழுதியிருக்கிறது எனக்கும் தெரியுது. நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? அவிய கையெழுத்து இருக்கு. அப்பம் அவியதான் பாத்தாவ.”

இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை அவன் கையில் இருந்தது. நான் கருவூலத்துக்குப் போயிருப்பதாகச் சொன்ன அதே வாய், இன்னொரு தடவை என்னைக் காப்பாற்றியது. அதற்கு நான் நன்றி சொன்னேனா? கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா பதிவேட்டை மூடினார். “சரி. பிரேக் நாள்ல நீங்கதான் ரீடிங் எடுக்கிறீங்கன்னு எழுதிக் கொடுங்க சார். இனிமேலும் அந்த நாள்ல நீங்களே எடுங்க. வேற யாரும் வேலிக்குள்ள வரக் கூடாது” என்றார். சொல்லும்போது என் கண்ணையே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பரில் உத்தரவு வந்தது. மனுதாரரின் பணித் தொடர்ச்சியில் நூற்று இருபத்தொரு முறிவுகள் உள்ளமையால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அந்தத் தாளை அவனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியதும் என் வேலைதான். வாங்கினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பருத்திக்கு மருந்தடிக்கப் போனான்.

நாலு நாள் கழித்துக் கோவில்பட்டி சந்தையில் வேலுத்தாயைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவள் விடவில்லை. கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“நல்லாருங்க அண்ணாச்சி. பென்ஷன வாங்கிக்கிட்டுப் பிள்ள குட்டியளோட நல்லாருங்க” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். சந்தைக்கு எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

டிசம்பர் பன்னிரண்டு. சோலைச்சாமிக்கு அடுத்த பிரேக். எழுதிக் கொடுத்தவன் போய்த்தானே ஆக வேண்டும்? விடிய விடியப் பெய்து, காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து, கரிசல் சகதியில் செருப்பு ஒட்டிக்கொள்ள, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எட்டே காலுக்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு புனலைத் திருகினேன். வரவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருகி ஒருவழியாகக் கழற்றினேன். பாட்டில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. குவளையில் ஊற்றினேன். தண்ணீர் கோடுகளுக்கு மேலே போய்விட்டது. கொஞ்சம் திருப்பிப் பாட்டிலில் ஊற்றினேன். பாதி வெளியே சிந்தியது. திரும்ப அளந்தேன். ஒரு குவளையைக் கொட்டினேன், இன்னொன்றைக் கொட்டினேன், இது எத்தனையாவது குவளை என்பது மறந்துபோயிற்று. கண்ணாடியில் தண்ணீர் ஓரத்தில் ஏறியும் நடுவில் இறங்கியும் நிற்கிறது. எதைப் பார்த்து எண்ணைச் சொல்வது? மேல்மட்டமா, கீழ்மட்டமா? ஐம்பத்தொன்பது வயதில், பொன்னாடை வாங்கிய மழைப் பதிவுக்காரன், மழையில் நனைந்துகொண்டு முழித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். பண்ணை வேலிக்கு வெளியே, ரோட்டோரம் சோலைச்சாமி நின்றுகொண்டிருந்தான். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தான். மணி எட்டரை. கால் தானாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். சிந்திய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு வலி இருந்தது, நிஜமான வலி. உத்தரவுத் தாளை வாங்கியபோதுகூட நான் அதைப் பார்க்கவில்லை.

“ஏலே சோலை, இத எப்படிடே பாக்கணும்? மேக்கோடா, கீக்கோடா? உள்ள வா, வந்து ஒருதரம் பாத்துச் சொல்லிட்டுப் போ” என்று கூப்பிட்டேன். “ஒன்னியத்தான்டே” என்று கெஞ்சினேன்.

அவன் கை வேலிக்கம்பியில் இருந்தது. ஒரு நிமிஷம் உள்ளே வந்துவிடுவான் என்றே நினைத்தேன்.

“இன்னிக்கி எனக்குப் பிரேக், சார்” என்றான்.

முப்பது வருஷம் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டவன். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு, அவன் ஊர்ப் பக்கம் நடந்து போனான்.

ஆபீசுக்குள் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். வாய்க்கு வந்த ஓர் எண்ணை எழுதினேன். பக்கத்தில் ‘அ.து.’ போட்டேன். அதற்கு மேலே இருந்த வரிகளெல்லாம் அவன் எழுத்து. ஒவ்வொரு சைபரும் பார்த்து எழுதின சைபர். மறுநாள் வந்து அதற்குக் கீழேயும் அவன் எழுதினான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பாராட்டுக் கடிதம் இன்னும் ஆபீஸ் சுவரில்தான் தொங்குகிறதாம். முப்பது வருஷத்துப் பதிவேட்டில் விழுந்த முதல் பிரேக் அந்த டிசம்பர் பன்னிரண்டுதான். அதைப் போட்டவனும் நான்தான்.